தொட்டி மண்ணில் குட்டி ஈ: ஏற்காட்டிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: சேலத்தில் 30 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், போன வருடம் ஏற்காட்டில் குடியேறினோம். வீட்டுக்குள் மணி பிளான்ட், பிகோனியா, பெரணி என்று 14 தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் குழித்தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் விதைத்திருக்கிறேன். சேலத்தில் செய்தது போலவே தினமும் தண்ணீர் விடுகிறேன். அரிசி கழுவின தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் எல்லாம் தவறாமல் தருகிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, தொட்டியைத் தொட்டாலே கருப்பாகக் குட்டி ஈக்கள் கிளம்புகின்றன. காப்பி டம்ளரில் வந்து விழுகின்றன. கொசு பேட்டால் அடித்தேன். மஞ்சள் தூள், பட்டைத் தூள் தூவினேன், புளித்த மோரும் ஊற்றினேன். குறையவில்லை. இப்போது தக்காளி நாற்றில் பாதி, தண்டு சுருங்கிச் சாய்ந்துவிட்டது. பேரக்குழந்தைகள் வந்துபோகிற வீடு என்பதால் விஷ மருந்து வேண்டாம். எல்லா மண்ணையும் கொட்டிவிடட்டுமா? சேலம் அழகாபுரத்தில் இருக்கும் மகளுக்கு இரண்டு பிகோனியா தருவதாகச் சொல்லியிருந்தேன், தரலாமா?

பதில்: அம்மா, முதலில் பேரக்குழந்தைகள் விஷயம். இந்த ஈ கடிக்காது, ரத்தம் குடிக்காது, காய்ச்சல் பரப்பாது. அவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் வராது. மண்ணையும் கொட்ட வேண்டாம். வளர்ந்த செடிகள் இதைத் தாங்கிக்கொள்ளும். தக்காளி நாற்றுதான் தாங்காது, அதை மட்டும் இன்றே கவனிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் இது பூஞ்சை ஈ. காளான் வளர்ப்பவர்கள் இதே குடும்பத்து ஈயைச் சியாரிட் ஈ என்பார்கள், காளான் படுக்கையில் அவர்களுக்கு இது பெரிய தொல்லை. 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், மெல்லிய நீண்ட கால்கள், கருஞ்சாம்பல் நிறம். பலமாகப் பறக்கத் தெரியாது. மண்ணை ஒட்டியே ஓடும், கலைத்தால் எழும்பி மறுபடி பக்கத்திலேயே உட்காரும். அடுப்படியில் பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் ஈ வேறு, அதற்குக் கண் சிவப்பாக இருக்கும். வினிகர் கிண்ணம் வைத்துப் பிடிப்பது அந்தப் பழ ஈக்கான வழி. பூஞ்சை ஈ அதற்கு அவ்வளவாக மயங்காது, அதனால் வினிகரை வீணாக்க வேண்டாம்.

பறக்கும் ஈயைக் கொசு பேட்டால் அடித்தும் ஏன் தீரவில்லை என்றால், உங்கள் கண்ணில் படுவது இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் கடைசி வாரம் மட்டும். ஈயாக அது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் இருக்கும். அதற்குள் ஒரு பெண் ஈ ஈரமான மேல்மண்ணின் இடுக்கில் நூறு, நூற்றைம்பது முட்டை வைத்துவிடும். நாலைந்து நாளில் முட்டை பொரிந்து, கண்ணாடி போன்ற வெள்ளை உடலும் பளபளப்பான கருப்புத் தலையுமாகப் புழு வரும். அது இரண்டு வாரம் போல மண்ணுக்குள் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். 24 டிகிரி வெப்பத்தில் இந்த ஒரு சுற்றுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். ஏற்காட்டுக் குளிரில் இன்னும் இழுக்கும். நீங்கள் பத்து ஈயை அடிக்கும் நேரத்தில் மண்ணுக்குள் பல நூறு புழு வரிசையில் நிற்கிறது.

அந்தப் புழு என்ன தின்கிறது என்பதில்தான் உங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. அதற்கு முதல் விருப்பம் பூஞ்சை, பாசி, அழுகும் தழை. அதோடு மெல்லிய வேர்த்தூவிகளையும், நாற்றின் இளம் வேரையும் கடிக்கும். அரிசி கழுவின தண்ணீரில் மாவுச்சத்து இருக்கிறது. மோரில் பாலின் புரதம் இருக்கிறது. டீத்தூளும் பழத்தோல் ஊறலும் சொல்லவே வேண்டாம். இவை எதையும் செடியின் வேர் அப்படியே உறிஞ்சிக்கொள்வதில்லை. முதலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவற்றைச் சிதைத்தாக வேண்டும். வெயிலும் காற்றும் மண்புழுவும் இருக்கிற தோட்டத்து மண்ணில் அது சீக்கிரம் நடந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தொட்டியில், அதுவும் பனி இறங்கும் மாதத்தில், மேல்மண்ணில் வெள்ளைப் பூசணமாகத்தான் அது நிற்கும். நீங்கள் செடிக்குச் சாப்பாடு போடுவதாக நினைத்து அன்போடு ஊற்றியதெல்லாம் புழுவுக்குப் பந்தியாகிவிட்டது. இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் செடியை நேசிக்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அரிசித் தண்ணீரை வெளியே இருக்கும் ரோஜாவுக்கோ எலுமிச்சைக்கோ ஊற்றுங்கள். டீத்தூளைக் கம்போஸ்ட் குழியில் போட்டு, மக்கி மண்வாசனை வந்தபின் எடுத்துப் பயன்படுத்துங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்றவையும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளுக்கு இந்த இரண்டு மாதம் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். சேலத்தில் 30 வருடம் ஊற்றிப் பழகிய அதே கணக்கை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பின்னும் ஊற்றுகிறீர்கள். சேலத்து வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் மேல்மண்ணை விட்டுப் போய்விடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டு வாசலிலேயே வந்து உட்காருகிறது, ஈரத் துணியே இரண்டு நாள் காய்வதில்லை. அந்தக் காற்றில் தொட்டி மண் மட்டும் எப்படிக் காயும்? கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், கலந்த மண் என்றால் இன்னும் மோசம். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே வெளுத்துக் காய்ந்தது போலத் தெரியும், ஒரு விரற்கடை கீழே சொதசொதவென்று இருக்கும்.

ஆகவே இன்றிலிருந்து நாள் கணக்கை மறந்துவிடுங்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டினால் தண்ணீர் கிடையாது. தொட்டியைத் தூக்கியும் பார்க்கலாம், நாலு நாள் பழகினால் கனத்தை வைத்தே கை சொல்லிவிடும். மணி பிளான்ட் ஏற்காட்டு மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் கூடப் போதும். முட்டையும் குட்டிப் புழுவும் மேல் ஓரங்குல மண்ணில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அந்த ஓரங்குலம் காய்ந்தால் அவையும் காய்ந்து சாகும், புது ஈ வந்து முட்டை வைக்கவும் இடம் பிடிக்காது. வேறு எதையுமே செய்யாமல் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே வளர்ந்த செடிகளில் பாதித் தொல்லை போய்விடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெரணி உங்களைக் கொஞ்சம் சிரமப்படுத்தும், அதை முழுக்கக் காயவிட முடியாது. பிகோனியாவுக்கும் வேர்ப்பக்கம் லேசான ஈரம் வேண்டும். இந்த இரண்டுக்கும் தண்ணீரைக் கீழிருந்து கொடுங்கள். ஒரு பேசினில் நாலு விரற்கடை தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் 20 நிமிடம் வையுங்கள். அடித்துளை வழியாக மண் வேண்டியதை இழுத்துக்கொள்ளும். எடுத்து, வடியவிட்டு, பழைய இடத்தில் வையுங்கள். வேர் நனையும், மேல்மண் உலர்ந்தே இருக்கும். அடித்தட்டில் தண்ணீர் நின்றால் அன்றே கொட்டிவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரில் பாசி பிடித்தால், ஈ அடித்துளை வழியாகவும் ஏறும்.

மேல்மண்ணை மூடுவதும் நல்ல வழிதான், ஆனால் எதை வைத்து மூடுகிறோம் என்பது முக்கியம். ஆற்று மணல் இப்போது கிடைப்பது அரிது, சேலத்தில் எங்கும் எம்-சாண்ட்தான். அதை அப்படியே போட்டால் அதிலுள்ள மாவு போன்ற தூசி தண்ணீர் பட்டு சிமென்ட் பூசினது போல இறுகிவிடும். சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிக் காயவைத்து, அரை அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் கூழாங்கல்லும் சரி. அதற்கு முன் பூசணம் பிடித்த மேல்மண்ணை ஓரங்குலம் சுரண்டி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மணல் போட்டபின் கீழே ஈரமா என்று கண்ணுக்குத் தெரியாது, விரல் சோதனையை விட்டுவிடக் கூடாது.

மஞ்சள் ஒட்டும் அட்டை உரக் கடைகளில் கிடைக்கும். பலர் அதைக் குச்சியில் உயரமாகக் கட்டுகிறார்கள். பூஞ்சை ஈ உயரப் பறக்காது. அட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மண்ணுக்கு ஒட்டிய உயரத்தில் படுக்கை வசமாக வையுங்கள். இது பறக்கும் ஈயைத்தான் பிடிக்கும், புழுவைத் தொடாது. ஆனாலும் எந்தத் தொட்டியில் அதிகம், வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று உங்களுக்கு ஒரு கணக்குக் கிடைக்கும். அது பெரிய உதவி. ஜன்னல் மூலையில் சிலந்தி வலை கட்டியிருந்தால் இந்த மாதம் துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அதுவும் உங்களுக்காகத்தான் வேலை செய்கிறது.

புழுவைக் குறிவைக்க நம் கையில் இருக்கும் சிறந்த பொருள் வேம்பு. வேப்பம்பருப்பு கிடைத்தால் 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். இதுதான் விவசாயிகள் சொல்லும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. அது முடியாவிட்டால் நல்ல வேப்ப எண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு, தண்ணீர் ஒரு லிட்டர். முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாக அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். பால் போல வெளுக்காமல் எண்ணெய் மிதந்தால் ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்திருக்கும் நாளில், இலையில் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். பிகோனியா, பெரணி இலைகளில் எண்ணெய் பட்டால் கருகும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தோல் உரிக்க விடாது, வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். உடனே சாகாது என்பதால் மறுநாளும் ஈ பறக்கும். மனம் தளராமல் வாரம் ஒருமுறை, நான்கு வாரம் கொடுங்கள். வேப்பம் புண்ணாக்கை மேலே தூவச் சொல்வார்கள். ஈரமான இடத்தில் அதன் மேலேயே பூசணம் பூத்துவிடும். புண்ணாக்கு கலவைக்கு உள்ளே சேர்க்க வேண்டிய பொருள், மேலே தூவக் கூடாது.

இன்னொன்று இருக்கிறது, கேட்டு வாங்கத் தெரிந்தால் நல்லது. பேசிலஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து பிரித்தெடுத்தது. சுருக்கமாக பி.டி.ஐ. என்பார்கள். கொசுவும் பூஞ்சை ஈயும் பங்காளிகள் என்பதால் இரண்டின் புழுவையும் இது கொல்லும். மனிதருக்கும் நாய், பூனைக்கும் ஒன்றும் செய்யாது. கடையில் வெறுமனே "பி.டி. பாக்டீரியா" என்று கேட்டால், காய்ப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த ஈயை ஒன்றும் செய்யாது. பலர் அதை வாங்கி ஊற்றிவிட்டு, பி.டி. வேலை செய்யவில்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பி.டி.ஐ. இங்கே கொசுப்புழுவுக்கென்றுதான் விற்கிறது, அதனால் நான் அழகுச் செடிகளுக்கு மட்டும் பயன்படுத்துவேன், காய்கறி நாற்றுக்கு வேம்போடு நின்றுகொள்வேன். மண்ணில் அதன் வீரியம் இரண்டு, மூன்று நாள்தான். ஆகவே வாரம் ஒருமுறை என்று மூன்று தடவை ஊற்ற வேண்டும்.

மஞ்சளும் பட்டையும் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும், மண்ணுக்குள் இருக்கும் புழுவை எட்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் அளவு 3 சதவீதக் கரைசலுக்கானது. நம் மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். அந்த அளவை அப்படியே பார்த்து ஊற்றினால் இளவேர் பொசுங்கிவிடும். நாற்றுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி தக்காளி. தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் சுருங்கி, நூல் போலாகிச் சாய்வது நாற்றழுகல் நோய். அதைச் செய்வது மண்ணிலுள்ள பித்தியம் போன்ற கிருமிகள். புழு வேரைக் கடித்துக் காயம் பண்ணிக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, கிருமியை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குச் சுமந்தும் செல்கிறது. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான், வடியாத ஈரம். நான் ஏற்காடு அடிவாரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் கோகோபீட் மூட்டைகளை ஒழுகும் கொட்டகையில் வாய் திறந்தபடி விட்டுவிட்டேன். அதை நிரப்பிய 60 தட்டுக் கத்தரி நாற்று ஒரு வாரத்தில் சாய்ந்தது. அழுகல் என்று நினைத்து அதற்கான மருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தேன், ஊற்ற ஊற்ற இன்னும் ஈரம். கடைசியில் ஒரு குழியைப் பிதுக்கி வேரைப் பார்த்தபோதுதான் கருந்தலைப் புழுக்கள் நெளிந்தன. அன்றிலிருந்து, நாற்று சாய்ந்தால் முதலில் வேரைப் பார்க்காமல் எதையும் ஊற்றுவதில்லை.

சாய்ந்த நாற்றுகள் பிழைக்காது, மண்ணோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். நன்றாக நிற்பவற்றைத் தொட்டிச் செடிகள் இல்லாத வேறு அறைக்கு, வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான ஜன்னலுக்கு மாற்றுங்கள். தட்டு தரையிலோ மேசையிலோ படியாமல் இரண்டு செங்கல் மேல் நிற்கட்டும், அடியிலும் காற்றோட வேண்டும். மின்விசிறியை மெதுவாக வைத்து, நாற்று லேசாக அசையும் அளவுக்குப் பகலில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். மண் காயும், தண்டும் தடிக்கும், ஈயும் அந்தக் காற்றில் இறங்க முடியாது. தண்ணீர் காலையில் மட்டும், கீழிருந்து, பத்து நிமிடம். சாயங்காலத்துக்குள் மேல்பகுதி வெளுத்திருக்க வேண்டும். வேப்ப எண்ணெய் என்றால் நாற்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிக்கு மேல் போகாதீர்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை பாக்கெட்டில் கிடைத்தால் அதிலுள்ள அளவுப்படி ஒருமுறை மண்ணில் ஊற்றுங்கள், நாற்றழுகலை அது தடுக்கும். வேப்பக் கரைசலும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம், மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

விதைத்து முளைக்கும் வரை மட்டும் மேல்மண் காயக் கூடாது, அதில் மாற்று வழி இல்லை. அந்த ஒரு வாரம் தட்டைக் கொசுவலைத் துணியால் இறுக மூடி வையுங்கள். ஈ உள்ளே போக முடியாது. முளை தலைகாட்டியதும் நிழலைக் குறைத்து, தண்ணீரையும் குறைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் காப்பித் தோட்டம் இருந்தால் நாற்று மேட்டை ஒருநாள் போய்ப் பாருங்கள். பை நிரப்ப 6 பங்கு காட்டு மண், 2 பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், 1 பங்கு மணல் என்று சலித்துக் கலப்பார்கள். தொழு உரம் அரைகுறையாக மக்கியிருந்தால் அனுபவமுள்ளவர்கள் கையில் அள்ளிப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். நாம் கடையில் வாங்கும் கலவையில் அந்தக் கவனம் இருப்பதில்லை.

அடுத்த தடவை விதைக்கும்போது கோகோபீட் கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்காமல், கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அதிலேயே போய்விடும். ஆறியபின் கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழாத பதத்தில் தட்டை நிரப்புங்கள். மண்புழு உரத்தை நாற்றுத் தட்டில் நிறையப் போட வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும், அதுவும் காயவைத்துச் சலித்த பிறகு. உங்கள் மகள் சேலத்தில் இருக்கிறாரே, அது ஒரு வசதி. சித்திரை, வைகாசியில் அவர் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி மண்ணை ஈரப்படுத்தி, நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, தெளிவான பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து மூன்று வாரம் விட்டால், சேலத்து வெயில் மண்ணை நன்றாகச் சுத்தப்படுத்திக் கொடுத்துவிடும். மூட்டை கட்டி மேலே எடுத்து வாருங்கள், வருடம் முழுக்க ஆகும்.

பிகோனியாவைத் தாராளமாகக் கொடுங்கள், இப்போதே வேண்டாம். ஈ குறைந்ததாகத் தெரிந்தபின், உருளைக்கிழங்கைக் கால் அங்குல கனத்துக்கு வட்டமாக நறுக்கி, மேலே பரப்பிய மணலை விலக்கிவிட்டு ஒவ்வொரு தொட்டி மண்ணிலும் அழுத்தி வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் புரட்டினால், புழு இருந்தால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அந்தத் துண்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, புதுத் துண்டு வையுங்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று மூன்று தடவை வைத்து, மூன்றிலும் ஒன்றும் இல்லாத தொட்டியை மகளுக்கு அனுப்பலாம். இன்று தொடங்கினால் தை மாதம் அவர் ஜன்னலில் பிகோனியா இருக்கும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், முதல் இரண்டு வாரம் அதை மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.